கடல் இங்கேதான் இருந்தது

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு மத்தியான வேளை, மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம். அவருக்கும் அந்தத் துறைமுக நகரத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அலுவலக வேலையாக வந்தார், வேலை சீக்கிரம் முடிந்தது, ரயிலுக்கு நேரம் இருந்தது, காலாற ஒரு நடை நடந்தார். போதாதா? 'முன்னாடியே வந்தவர்' என்ற இனத்தில் சேர அதற்கு மேல் தகுதி தேவையில்லை.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய ஊர்களில் நாலு பேர் சேர்ந்து நடந்தால் இரண்டடி முன்னால் போகிறவர் இவர்தான். கைப்பேசியில் யாராவது வழி பார்த்தால் முகத்தைச் சுளிப்பார், பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு "தப்பு" என்பார், கோட்டைக்கு எதிரில் நின்றுகொண்டு கோட்டையை விட்டுவிட்டு, அதற்கு எதிரே இருந்த டீக்கடையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுவார். நம் கண்ணுக்குத் தெரிவது எதுவும் அவருக்கு முக்கியமில்லை. முக்கியமானதெல்லாம் 'அப்போ' இருந்தது. வழி கேட்பாரா? அது முதல்முறை வருகிறவர்கள் செய்கிற வேலை.

நம்மவர் இம்முறை மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மனைவியின் தம்பி என்று மூன்று பேரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. படகு. துறைமுகத்தைக் குறுக்கே கடந்து அக்கரைக் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற படகு. பிறந்ததிலிருந்து அவள் தண்ணீர்மேல் போனதில்லை. கல்யாணமான புதிதில் ஏரிக்கரையில் நின்று கேட்டாள். பிறகு அணைக்கட்டில் கேட்டாள். "இதெல்லாம் ஒரு படகா? அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க ஏறு" என்று ஒரே பதில்தான் வந்தது. இதோ, அந்த ஊருக்கே வந்தாயிற்று. மறுநாள் காலையில் ரயில். இன்று விட்டால் விட்டதுதான்.

"ஏங்க, முதல்ல படகுல போயிட்டு வந்துடலாமா?"

"அவசரப்படாதே. படகு எங்க போயிடப் போகுது?"

போய்க்கொண்டே இருப்பதுதான் படகுக்கு வேலை என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? கோட்டைச் சுவரைக் காட்டினார். சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினார். அந்த ஓட்டை அப்போது இன்னும் சின்னதாக இருந்ததாகச் சொன்னார். பிறகு பூட்டிக் கிடந்த பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் கதவருகே மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தினார்.

"மூச்சை நல்லா இழுங்க. மிளகு வாசனை வருதா?"

மகள் இழுத்துப் பார்த்தாள். "டீசல் வாசனைதான்பா வருது."

"அது மேலாப்ல வர்ற வாசனை. அதுக்குக் கீழ இருக்கு பாரு, அத இழு."

இப்படியாகப் பொழுது போய்க்கொண்டிருக்க, மனைவி கடிகாரத்தைப் பார்ப்பதும் அவர் முதுகைப் பார்ப்பதுமாக இருந்தாள். அந்த முதுகில் ஒரு சந்தேகமும் தெரியவில்லை. "படகுத்துறைதானே? கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்" என்று ஒரு சந்தில் நுழைந்து, இன்னொரு சந்தில் திரும்பி, ஒரு வங்கியையும் இரண்டு செருப்புக் கடைகளையும் தாண்டி அவர் போய் நின்ற இடத்தில் பெரிய ஓட்டல் ஒன்று இருந்தது. பக்கத்தில் புல்வெளி. புல்வெளியை ஒட்டி முப்பது கார்கள். கடல் மட்டும் இல்லை.

"கடல் இங்கேதான் இருந்துச்சு" என்றார்.

மைத்துனன் கார்களுக்கு நடுவே குனிந்து பார்த்தான். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தான். நான் வண்டிச் சாவியத் தொலைச்சிருக்கேன், கண்ணாடியத் தொலைச்சிருக்கேன். கடலைத் தொலைச்ச ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"நக்கலா? தூர்த்துட்டானுங்கப்பா! மண்ணைக் கொட்டித் தூர்த்துட்டானுங்க!" தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூர்த்துவிட்டார்களே என்ற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

மனைவி அதற்குள் நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவரைப் பிடித்துவிட்டாள். துறையை மாற்றி வெகு காலம் ஆகிறதாம். மீன் ஏலக்கூடத்தைத் தாண்டி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் போக வேண்டுமாம். கடைசிப் படகு ஐந்தரைக்காம். "வேகமா நடந்தா பிடிச்சிடலாம்மா."

நம்மவர் விடுவாரா? "நீங்க எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க?"

"பதினெட்டு வருஷமா."

அவர் வெற்றியோடு மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? எனக்கு அப்புறம் வந்தவர்."

அவள் பார்க்கவில்லை. நடக்க ஆரம்பித்திருந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக அவர் இன்னொருவர் பின்னால் போனார்.

படகு நின்றிருந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. மைத்துனன் ஓடிப்போய் நாலு டிக்கெட் எடுத்துவிட்டான். ஏற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் முன்னாடியே வந்தவர் அப்படிச் சும்மா ஏறிவிட முடியுமா?

"இது அந்தப் படகு இல்லையே. அது ரெண்டு மாடி. பச்சை பெயிண்ட்."

"அத உடைச்சு இரும்புக்குப் போட்டாச்சு சார்" என்றார் டிக்கெட் கிழிப்பவர். "ஏறுங்க."

"இரும்புக்கா? நல்ல கண்டிஷன்ல இருந்த படகாச்சே? யாரு முடிவு பண்ணது?"

பின்னால் நின்ற கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறியது. படகில் இருந்தவன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். மனைவி கயிற்றைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைத்தாள். மைத்துனனும் தாவினான்.

"இரு, இரு! நல்லா விசாரிச்சுட்டு ஏறலாம்!" விசாரிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிய நேரத்தைப் பாருங்கள்.

"நீங்கதான் முன்னாடியே போயிருக்கீங்களே" என்றாள் அவள். "நாங்க போயிக்கிறோம்."

உண்மையில் அவர் போனதில்லை. அன்றைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அந்த இரண்டு மாடிப் படகைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் இருபத்திரண்டு வருடம் சொல்லிவந்த கதையைத் துறைமுகத்து நடுவிலா திருத்த முடியும்? படகு ஆடியது. அவள் கம்பியை இறுகப் பிடித்தாள், பிறகு விட்டாள், பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

"அப்பா! இது திரும்பி வராதாம்! பாலம் வழியா பஸ் இருக்காம்! கேட்டு ஏறுப்பா, கேட்டு!" மகளின் குரல் எஞ்சின் சத்தத்தில் அமிழ்ந்தது.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். கடைசியாக ஓர் ஊருக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போனீர்களே, அங்கே "இங்க முன்னாடி..." என்று ஆரம்பித்த வாக்கியம் ஞாபகம் இருக்கிறதா? அதைச் சொன்னபோது கூட வந்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்தார்கள்? தெரியவில்லையா? இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்திருப்பீர்கள்.

அக்கரைக்குப் போவது ஒன்பதாம் நம்பர் பஸ். நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர் ஒருவரையும் கேட்கவில்லை. 'அப்போ' அக்கரைக்குப் போன பதினாலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்கரைக்கு ஒரு டிக்கெட் கேட்டார். பதினாலு இப்போது ரயில் நிலையத்துக்குப் போகிறது.