சாபரான் முதலாளியின் கம்பனி

குங்குமப்பூ விளையாத ஊர்களில் குங்குமப்பூவைப் பற்றி அதிகம் கதைத்த ஊர் கல்முனைதான் என்று நான் எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன். அவ்வளவையும் கதைத்தது ஒரே ஆள். எங்கள் பக்கத்தில் குங்குமப்பூவைச் சாபரான் என்போம். அதனால் அவர் சாபரான் முதலாளி. கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்தார். நான் அவருடைய தட்டச்சுக்காரன், அதாவது அவரிடம் அகப்பட்டவன்.

அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட புதிது. ஊரே ரேடியோவும் நைலெக்ஸ் சேலையும் கொண்டுவர ஓடியபோது, இவர் ஸ்பெயினிலிருந்து முதல்தரச் சாபரான் எடுத்து துபாய்க்கு விற்பதென்று முடிவு செய்தார். துபாய்க்காரன் நேரே ஸ்பெயினில் வாங்கமாட்டானா என்று கேட்டேன்.

“அவனுக்கு நல்லது கெட்டது தெரியா தம்பி. நாம பார்த்துக் குடுப்பம்” என்றார்.

கம்பனியின் கடிதத்தாளில் கிளைகளின் முகவரி இருந்தே ஆகவேண்டும் என்றார். அவருடைய மச்சானின் வீடு பாலமுனையில், நெல் போட்டுவைக்கும் அறை சவளக்கடையில். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்த இந்த இரண்டும் சர்வதேசக் கிளைகளாயின. ஸ்பெயின்காரன் ஒருமுறை சவளக்கடைக் கிளைக்கே பதில் போட்டுவிட்டான். அது நெல் மூட்டைக்கு மேலே பதினொரு நாள் கிடந்தது. திட்டு எனக்கு.

வங்கியில் வேறு கூத்து. நம் நாட்டு ஆங்கிலத்தில் மஞ்சளையும் ‘சஃப்ரன்’ என்றுதான் சொல்வார்கள். சரக்குக்குப் பணம் அனுப்பக் கொடுத்த விண்ணப்பத்தைப் பார்த்த மனேஜர், மஞ்சளுக்கா இந்த விலை என்று சிரித்தார். முதலாளிக்கு முகம் சிவந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த மாதிரி டப்பாவைத் திறந்து மனேஜரின் மூக்கடியில் பிடித்தார். மனேஜர் தும்மினார். அதன்பிறகு மேசையிலும் தரையிலும் மனேஜரின் சட்டையிலும் ஒவ்வொரு இழையாக நானும் முதலாளியும் பொறுக்கினோம். வரிசையில் நின்றவர்கள் உதவிக்கு வந்தபோது, கை ஈரமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் முதலாளி பொறுக்க விட்டார்.

மாதிரி வந்த நாளிலிருந்து கடையில் மின்விசிறி போடத் தடை. இழை பறக்குமாம். பங்குனி வெயிலில் புடவை பார்க்க வந்த பெண்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். நான் துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தட்டச்சு செய்தேன். வேலையை விடப்போகிறேன் என்று மாதம் இரண்டு தடவை சொன்னேன். ஓம் ஓம், இந்தக் கடிதத்தை அடிச்சிப்போட்டு விடுங்க என்பார்.

கடைசியில் சரக்கு வந்தது. முதலாளி தன் மனைவியின் மாவடிப்பள்ளி வயலை விற்ற காசில் எடுத்த சரக்கு. துபாய்க்காரனும் வாங்கத் தயாராக இருந்தான். முதலாளி ஒவ்வொரு டப்பாவிலும் ஓர் இழை எடுத்துத் தண்ணீரில் போட்டார். நல்ல சாபரான் மெல்ல மெல்ல நிறம் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். இதுவோ போட்டதும் தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டு வெள்ளை நூலாகக் கிடந்தது. முக்கால்வாசி டப்பாக்கள் அப்படித்தான்.

கொழும்புத் தரகர் போனில், நல்லதையும் கெட்டதையும் கலந்து அனுப்புங்கள், யாருக்குத் தெரியும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதலாளி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அடிங்க தம்பி. இந்தச் சரக்கை வாங்க வேணாம் எண்டு துபாய்க்கு அடிங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மனைவியை நான் அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். “ராத்தாட வயல் போயிட்டே, அதுக்கு என்ன செல்லப்போறீங்க?”

“வயல் போயிட்டு. அத நான் அவக்கிட்டச் செல்றன். கள்ளச் சரக்கு எண்ட கையால போகக் கூடா.”

மனைவி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டாராம். கதைக்கத் தொடங்க இன்னும் ஒரு வாரம் ஆனதாம். ஸ்பெயின்காரனுக்கு நான் அடித்த ஒன்பது கடிதங்களுக்கும் பதில் இல்லை. துபாய்க்காரன் மட்டும் நன்றி என்று இரண்டு வரி எழுதினான். அதற்கு என்ன பதில் போடுவதென்று முதலாளி மூன்று நாள் என்னை வதைத்தார்.

மிஞ்சிய நல்ல இழைகளைக் காகிதத்தில் மடித்து, ஊரில் பிள்ளை உண்டான பெண்களுக்குச் சும்மா கொடுத்தார். பாலில் எப்படிப் போடுவது என்று அரைமணி நேர விளக்கமும் சேர்த்துத்தான். அந்த விளக்கத்துக்குப் பயந்து சிலர் பின்வாசலால் ஓடியதை நானே கண்டேன்.

பிறகு கொழும்பில் மூன்று கம்பனிகளில் வேலை பார்த்தேன். கடிதம் ஆயிரக்கணக்கில் அடித்திருப்பேன். எங்கள் சரக்கை வாங்கவேண்டாம் என்று ஒரு கடிதம் அடிக்க, பிறகு எனக்கு யாரும் சொல்லவேயில்லை.