இல்லாத பிரேக்

அன்புள்ள அக்காவுக்கு,

என் ரத்தத்தைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அத்தானும் ரத்தம் உட்பட நலமாயிருக்க வேண்டுகிறேன்.

விஷயம் என்னவென்றால், என் ரத்தப் புற்றுநோய்க்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மற்ற மருந்தெல்லாம் கெட்ட செல்லைக் கொல்லுமாம், இது வளர்க்குமாம்! பாம்புக்குப் பால் வார்க்கிற கதையா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். "இல்லீங்க, உங்க செல்லெல்லாம் வளராம குழந்தையாவே நின்னு போச்சு. ஒரு நொதி அதுங்களைப் புடிச்சு வச்சிருக்கு. மாத்திரை அந்த நொதியைத் தடுத்துட்டா, அதுங்க தானா வளர்ந்து, வேலையைப் பாத்துட்டு, வயசாகிப் போய்ச் சேந்துடும்" என்றார். "பழகுறவனை நகர விடாம டிரைவிங் வாத்தியார் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கற மாதிரியா?" என்றேன். "அதேதான்!" என்றார். உடனே என் மகள், அதான் உன் மருமகள், என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார், அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் நான். பெற்ற மகளை மட்டும், லைசென்ஸ் வாங்கி எத்தனையோ வருஷமாகியும், தனியாக ஓட்ட விட்டதில்லை. இப்போது அவள்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுகிறாள். பயிற்சிக் காரில் என் காலடியில் தனி பிரேக் உண்டு, அவள் காரில் கிடையாது. என் காலுக்கு அது தெரிய வேண்டாமா? மிதித்து மிதித்துக் காரின் கால்மிதி ஓட்டையாகிவிட்டது. "அப்பா, அங்க ஒண்ணுமில்லப்பா!" என்கிறாள். "இருக்கணும்!" என்கிறேன். நேற்று நாற்சந்தியில் பயந்துபோய் ஹேண்ட்பிரேக்கையே இழுத்துவிட்டேன். பின்னால் ரொட்டி வண்டிக்காரன் இறங்கி ஓடிவந்தான். என் கையில் ஆஸ்பத்திரிப் பட்டையைப் பார்த்ததும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவளைத் திட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

மாத்திரை வேலை செய்கிறதா, இல்லையா என்று வியாழக்கிழமை சொல்வார்கள். பயமாயிருக்கிறது அக்கா. காரை ஓட்ட அத்தானை அனுப்பி வை. அவர் ஓட்டினால் சைக்கிள்கூட முந்திப் போகும், எனக்கு அதுதான் நிம்மதி.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, நடுவில் இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

உன் தம்பி

பி.கு.: அத்தான் வர வேண்டாம். அவளைப் பற்றிய கடிதத்தை அவளிடமே தபாலில் போடச் சொல்லிக் கொடுக்க முடியுமா? சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. வியாழனும் வந்து போய்விட்டது. என் ரத்தத்துப் பிள்ளைகள் வளர ஆரம்பித்துவிட்டார்களாம்! டாக்டரம்மா சிரித்தார், இவள் காருக்கு வந்துதான் அழுதாள். நான் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். "ஏம்ப்பா பின்னாடி?" என்றாள். "கால் வலிக்குது, நீ ஓட்டும்மா" என்றேன். வீடு வந்து அவள் எழுப்பியபோதுதான் கண் விழித்தேன்.