பதினேழாவது டேக்

நான்காவது டேக்கிலும் அன்னக்கிளி கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கட்!" என்று கத்தினாள் யூனிஸ். "சித்தி, கேமராவைப் பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்க பாத்தேன்? அதுதான் என்னையப் பாக்குது."

தேயிலைக் காட்டில் வரிசையாய் நின்ற பன்னிரண்டு பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். யூனிஸைப் பெற்ற ஞானசுந்தரியும் அதில் ஒருத்தி. கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து காதலனாகவும் காதலியாகவும் நடிக்க வந்திருந்த வகுப்புத் தோழர்கள் சுபினும் ரேச்சலும் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டார்கள்.

யூனிஸுக்கு இந்தக் காதல் பாட்டு வெறும் மதிப்பெண் சமாச்சாரம் இல்லை. இறுதியாண்டுப் படம் என்ன எடுக்கப்போகிறாய் என்று கேட்ட விரிவுரையாளர், அவள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் தானே சொல்லிவிட்டார்.

"எஸ்டேட்டுப் பொண்ணுதானே நீ? தேயிலை விலை விழுந்து தொழிலாளிங்க படற கஷ்டத்த டாகுமெண்டரியா எடு. லவ் சாங்கெல்லாம் உனக்கு வராது."

"ஏன் சார், எங்க லைன் வீடுகள்ல ஒருத்தருமே லவ் பண்ணினதில்லையா? கஷ்டப்படறதுக்கு மட்டும்தான் பொறந்தோமா?"

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பாட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டாவிட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே யூனிஸ் பல்லைக் கடித்தாள்.

அதற்காக, எல்லார் வாயிலும் இருந்த ஒரு காதல் பாட்டு வீடியோவை சி.டி. தேயத் தேய இருபத்தேழு முறை பார்த்தாள். காதலன் பார்ப்பது மூன்று நொடி. காதலி குனிவது இரண்டு நொடி. அப்புறம் பனி. எல்லாவற்றையும் நோட்டில் குறித்தாள். பின்னணியில் கொழுந்து பறித்த பெண்கள் வந்ததும் பேனா தாளைக் கிழித்தது. 'நகப் பாலிஷ்! பறிப்பதெல்லாம் முத்தல் இலை! நாலு நிமிஷமும் ஒரே செடி!' அதற்குக் கீழே, 'என் பாட்டில் நிஜப் பெண்கள்' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

குன்னூர் ஏலத்தில் விலை சரிந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரம் மூன்று நாள்தான் வேலை. சனிக்கிழமை காடு சும்மா கிடந்ததால் மேனேஜர் துரையும் படம் எடுக்கச் சம்மதித்தார். காதலர்கள் மட்டும் வரும் ஷாட்டெல்லாம் முந்தின நாளே முடிந்துவிட்டன. பாக்கி, பாட்டு முழுக்க ஓடுகிற இந்த ஒரே நீள ஷாட். வாடகைக் கேமரா நாலு மணி பஸ்ஸில் திரும்பிப் போயாக வேண்டும்.

"சரி, கேமராவையே மறந்துடுங்க. தெனம் பறிக்கிற மாதிரி பறிங்க."

மறந்தார்கள். ரொம்பவே மறந்தார்கள். காதலன் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பதற்குள் இருபத்து நாலு கைகளும் அந்த வரிசையை வழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டன. காதலர்கள் மட்டும் மொட்டைச் செடிகளுக்கு நடுவே முழித்துக்கொண்டு நின்றார்கள்.

மேல் வரிசைக்குக் கேமராவை மாற்றினாள்.

"பறிக்காதீங்க! பறிக்கிற மாதிரி பண்ணுங்க!"

"அதெப்படிப் பாப்பா? கை போனா கொழுந்து வந்துருமே," என்றாள் ஆண்டாயி. இருபது வருஷம் பறித்த கை. வந்துவிட்டது.

மறுபடி மேல் வரிசை. ஒன்பதாவது டேக்கில் சுபினும் ரேச்சலும் கண்ணோடு கண் பார்த்த அதே நொடியில் ஆண்டாயி தும்மினாள். பதினொன்றில் அன்னக்கிளி சுபினை முழங்கையால் நகர்த்தினாள்.

"தம்பி, லவ்வக் கொஞ்சம் தள்ளி நின்னு பண்ணு. கூடை இடிக்குது."

பதின்மூன்றில் சுபின் காலில் அட்டை ஏறியது. "ஐயோ, என்னங்க இது!" என்று காதலன் அலறினான். ஞானசுந்தரி உப்பைப் போட்டு அட்டையை விழவைப்பதற்குள், சும்மா நிற்க முடியாத மற்ற பதினொரு பேரும் இரண்டு வரிசையைக் காலி செய்திருந்தார்கள்.

பதினாறு டேக் முடிந்தபோது படப்பிடிப்பு மலைச்சரிவின் அடியிலிருந்து உச்சிக்கே வந்துவிட்டது.

"இந்த லவ்வர்ஸ் ஏன்டி மலையேறிட்டே இருக்காங்க?" என்று மூச்சு வாங்கினாள் ரேச்சல்.

மணி மூன்றரை. யூனிஸ் நோட்டைத் தரையில் எறிந்தாள். "அந்த நகப் பாலிஷ்காரிங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாம்! அவங்களாவது சொன்னாக் கேப்பாங்க!"

ஞானசுந்தரி தன் கூடையைப் பார்த்தாள். பிறகு அன்னக்கிளியைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு தடவை எடு புள்ள," என்றாள்.

டேப் ரெக்கார்டரில் பாட்டு ஆரம்பித்தது. பதினேழாவது டேக்.

பன்னிரண்டு பேரும் தாளம் தப்பாமல் அசைந்தார்கள். விரல்கள் கொழுந்தைத் தொட்டன, எடுத்த மாதிரியே தோளுக்குப் பின்னால் கூடைக்குப் போயின. ஒரு இலைகூடச் செடியை விட்டு வரவில்லை. ஒரு கண்கூடக் கேமரா பக்கம் திரும்பவில்லை. காதலன் பார்த்தான், காதலி குனிந்தாள், பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து மூடியது. பாட்டு முடிந்தது.

"ஓக்கே!" என்று துள்ளினாள் யூனிஸ். திங்கட்கிழமை யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். தராசோடு வந்து நின்ற மேஸ்திரி இசக்கிமுத்துவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: "பாத்தீங்களா மேஸ்திரி? காலையில இவங்களுக்குக் கேமரான்னா என்னன்னே தெரியாது. ஒரே நாள்ல நடிக்கப் பழக்கிட்டேன்!"

மேஸ்திரி கூடைகளை ஒவ்வொன்றாய் எடை போட்டார். "இருபத்தொண்ணு... இருபத்து மூணு... பன்னண்டு பேருக்கும் முழு நாள்."

"முழு நாளா? இன்னைக்கு வேலையே இல்லையே!"

"துரை உத்தரவும்மா. சினிமாக்காரங்க என்னத்தப் பெருசாப் பறிச்சிடப் போறாங்கன்னு நெனச்சுட்டாரு. பத்து கிலோ வந்தா அரை நாள், இருபது வந்தா முழு நாள் கூலின்னு எழுதச் சொல்லிட்டாரு."

அடியிலிருந்து உச்சிவரை வழித்தெடுத்த சரிவை யூனிஸ் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலைத்துண்டைச் சரிசெய்தபடி வேறு பக்கம் பார்த்தாள்.

அன்னக்கிளிதான் வாயைத் திறந்தாள்.

"பின்ன என்ன பாப்பா? மொத தடவையே இப்படி நடிச்சிருந்தா, பத்து மணிக்கே எங்கள ஊட்டுக்கு அனுப்பியிருப்பியே!"