ஒன்பதே காலுக்கு ஒரு புரட்சி

விசிட்டிங் கார்டு அடித்துவிட்டாலே தலைவனாகிவிடலாம் என்று நம்பியவன் நான். கம்பெனியில் மொத்தமே மூன்று பேர். சி.இ.ஓ.வாகிய நான், புரோகிராம் எழுதிய நண்பன் செந்தில், மற்ற எல்லா வேலைகளையும் பார்த்த என் மனைவி சுமதி. (சம்பளமா? குடும்பத்துக்குள் அதெல்லாம் எதற்கு!) மன்னார்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து, வயலில் இருக்கும் போர் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் ஓடவிடும் செயலி ஒன்றைத் தயாரித்திருந்தோம்.

சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் கைவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அறிமுக விழாவை மாமனார் ஊரில் வைத்தேன். அவர் வீடு வீடாகப் போய், "நம்ம மாப்ள கண்டுபிடிச்சது, தைரியமா மாட்டிக்குங்க" என்று சொல்லி ஊர் மோட்டார் அத்தனைக்கும் எங்கள் கருவியைப் பொருத்த வைத்தார். குறுவை கதிர் வரும் சமயம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, ஊரே போர் தண்ணீரைத்தான் நம்பியிருந்தது.

அந்த ஊரில் எல்லோரும் சேர்ந்தாற்போல் மோட்டார் போடமாட்டார்கள். வடக்குவெளிக்காரர்கள் நிறுத்திய பிறகுதான் தெற்குவெளிக்காரர்கள் போடுவார்கள். நான்தான் உலகத்தையே மாற்றப் பிறந்தவனாயிற்றே! காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, ஒன்பதே காலுக்கு ஊரே ஒன்றாகப் பட்டனை அழுத்துவது என்று திட்டம் போட்டேன்.

"ஏங்க, எல்லா மோட்டாரும் ஒண்ணா ஓடினா டிரான்ஸ்பார்மர் தாங்குமா?" என்றாள் சுமதி.

"உன்கிட்ட இதான் பிரச்சினை. பெருசா யோசிக்கவே மாட்டேங்கிற" என்றேன். (யூடியூபில் ஒரு தலைமைப் பண்பு வீடியோவில் பொறுக்கிய வசனம்.)

விழாவன்று அந்த வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு, "எது நடந்தாலும் பொறுப்பேற்பவனே தலைவன்" என்று முழங்கினேன். கைதட்டல். ஒன்பதே கால். மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக உறுமின, எனக்குப் புல்லரித்தது. அடுத்த நொடி பிள்ளையார் கோயில் பக்கம் டமார் என்று ஒரு சத்தம், குபுகுபுவென்று புகை. என் மைக்கும் செத்துப்போனது.

முதலீட்டாளர் மட்டும், "எல்லாரும் ஒரே நேரத்துல யூஸ் பண்ணியிருக்காங்க, சூப்பர் ரெஸ்பான்ஸ்" என்றார். சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் முடித்துக் கிளம்பியவர் இன்றுவரை போனை எடுக்கவில்லை.

பொறுப்பேற்கும் தலைவனை ஊர் தேடியபோது, நான் மாமனார் வீட்டுக் கொல்லையில் வைக்கோல்போருக்குப் பின்னால் இருந்தேன். அவர்தான் கண்டுபிடித்தார்.

"வெளில வாங்க மாப்ள. டிரான்ஸ்பார்மர் மாத்த ஒரு வாரம் ஆகுமாம். பயிரு அதுவரைக்கும் தாங்காது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. என்னை நம்பி ஊரெல்லாம் வாக்குக் கொடுத்த மனிதரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூசியது.

சுமதி அதற்குள் வாடகை ஜெனரேட்டருக்குச் சொல்லி அனுப்பி, எந்த வயலுக்கு எப்போது என்று முறையும் வைத்துவிட்டாள். நான் கோட்டைக் கழற்றிவிட்டு, ஜெனரேட்டரை இழுத்துப்போன டிராக்டருக்குப் பின்னால் ஒயர் சுருளைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினேன். பயிர் பிழைத்தது. கம்பெனியும் பிழைத்தது. காரணம், இப்போது சி.இ.ஓ. சுமதி.

அந்த ஊரில் இன்றும் கரண்ட் போனால் யாரும் மின்சார ஆபீசுக்குப் போன் செய்வதில்லை. மாமனாரைக் கூப்பிட்டு, "மாப்ள ஊருக்கு வந்திருக்காருங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். போன மார்கழியில் கரண்ட் போனபோது நான் குடும்பத்தோடு கோடியக்கரையில் பறவை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனாரே நம்பவில்லை. "போனை சுமதிகிட்ட குடுங்க" என்றார்.