சிலந்திக்குக் கூரை

ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டும் கிருஷ்ணகுமாரி குடியிருந்த லயக் காம்பரா, தொழிலாளர் வரிசை வீடுகளில் ஓர் அறை, ஒழுகியது. நாட்டின் வளர்ச்சிக்கு இது ஒரு தடையாக எவருக்கும் தோன்றவில்லை. கூரைக்குத் தகரம் கேட்டுத் தோட்ட ஆபீசுக்கு நடந்ததில் அவள் செருப்புதான் தேய்ந்தது.

தகரத்துக்குப் பதிலாக ஓர் அதிகாரி வந்தார். சிலந்தி நூல் அபிவிருத்திப் பிரிவின் உதவிப் பணிப்பாளர் விதுர்ஷன். கூரை மூலையில் இருந்த வலையைப் பார்த்ததும் கைகூப்பாத குறையாக நின்றார்.

“இது என்னன்னு தெரியுமாம்மா?”

“ஒட்டடைங்க சேர். ஞாயித்துக்கெழம அடிச்சிருவேன்.”

“அடிச்சிராதீங்க! இது புரதம். இதோட மூலக்கூறு நீளமான சங்கிலி. சில எடத்துல அடுக்கடுக்கா இறுகி நிக்கும், அதான் பலம். மத்த எடம் தளர்வா சுருண்டு கெடக்கும், இழுத்தா நீளும். ஒரே எடைக்குப் பாத்தா இரும்ப விட உறுதி.”

“மழையத் தாங்குமாங்க?”

விதுர்ஷனின் முகம் வாடியது. “தண்ணி உள்ள போனா சங்கிலிங்கள சேத்துப் பிடிச்சிருக்கிற கட்டெல்லாம் இளகி, நூல் சுருங்கிரும்.” அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. “ஐயையோ, சிலந்தி நனையுதே!”

“நாங்களும்தாங்க.”

“அது வேற பிரிவும்மா.”

மறுநாளே லொறியில் தகரம் வந்தது. தேசிய வளமொன்றை இயற்கையின் சீற்றத்திலிருந்து பாதுகாக்கும் பொருட்டுக் கூரை முழுவதும் மாற்றப்பட்டது. வாசலில் ‘சிலந்தி வதிவிடம், அமைதி காக்கவும்’ என்று பலகை மாட்டினார்கள். குடும்பத்தினரும் நிபந்தனையுடன் தங்கலாம் என்றார்கள். அடுத்த மழைக்கு எங்கேயும் சட்டி வைக்காமல், காய்ந்த பாயில் உட்கார்ந்து கிருஷ்ணகுமாரி அழுதாள்.

லயம் முழுக்கச் செய்தி பரவியது. ஒட்டடைக் கம்புகள் அடுப்புக்குப் போயின. ஒருவர் ஒரே டின்னில் நிறையச் சிலந்தி பிடித்து வந்தார்; திறந்தால் ஒன்றுதான் இருந்தது, நல்ல சதைப்பிடிப்போடு. மற்றதையெல்லாம் அது தின்றிருந்தது. விதுர்ஷன் அதை ‘ஆளணி மறுசீரமைப்பு’ என்று பாராட்டினார்.

பக்கத்துக் காம்பரா இராஜம் மட்டும் மாட்டிக்கொண்டாள். லயத்திலேயே சுத்தக்காரி அவள். மூலைமுடுக்கெல்லாம் துடைத்த வீட்டில் கொண்டுவந்து விட்ட சிலந்தியும் நிற்கவில்லை. சிலந்தி இல்லாத வீட்டுக்குத் தகரம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கொட்டும் மழையில் அவள் கிருஷ்ணகுமாரியிடம் ஓடி வந்தாள்.

“குமாரி, ஒண்ணே ஒண்ணு குடும்மா. பேத்தி தொட்டில் நனையுது.”

கிருஷ்ணகுமாரி மேலே பார்த்தாள். ஏழெட்டுச் சிலந்திகள் சுகமாக இருந்தன. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கோரிக்கைய எழுத்துல குடுங்க அக்கா. பரிசீலிக்கிறோம்.”