கடையில் ஓடிய குதிரை

குதிரை முன்னங்காலைத் தூக்கி மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. இன்னும் கீழே வைத்தபாடில்லை.

"நொண்டிக் குதிரையா பாத்து வாங்கிகினு வந்துட்டீங்களா?" என்றாள் ஹேமாவதி, காப்பி டம்ளரை நீட்டியபடி.

"குதிரை நல்லாத்தான் கீது. கம்ப்யூட்டருதான் முக்குது" என்றான் அழகேசன்.

அழகேசனுக்கு நாற்பத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை. காட்டுப்பாக்கத்தில் ஒரு வீடு, ஒரு மனைவி, ஒரு மீசை. மூன்றில் எதை அவன் அதிகம் கவனிப்பான் என்று ஹேமாவதியைக் கேட்டால் அழுதுவிடுவாள். இந்த வயதில் கம்ப்யூட்டர் கேமில் குதிரையேறி அரக்கர்களை வெட்ட வேண்டும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது என்று என்னைக் கேட்காதீர்கள். சிலருக்குத் தேர்தலில் நிற்கத் தோன்றுகிறது, இவனுக்கு இது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. போன மாதம் ஒரு காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் புது கேமைப் பற்றி அளந்துவிட்டான். எதிர் இலையில் மச்சான் சரவணக்குமார் இருந்ததைக் கவனிக்கவில்லை.

"மாமா, அந்த கேமு இன்னா கார்டு கேக்குது தெரியுமா? உங்க டப்பாவுல சீட்டுதான் ஆட முடியும்."

பந்தியே சிரித்தது. அழகேசனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய் மச்சான், அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. எங்கூட்ல குதிரை ஓடலன்னா இந்த மீசையை எடுத்துர்றேன்!"

இருபது வருஷ மீசை. சொன்ன பிறகுதான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாளே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கரையான்சாவடியில் தினகரனின் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினான். திரையில் படத்தை வேகமாக ஓட்டுவதற்கென்றே செங்கல் கனத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். தினகரன் அதைக் கம்ப்யூட்டருக்குள் பொருத்தி, கடையிலேயே கேமைப் போட்டுக் காட்டினார். அடடா! குதிரை பறந்தது. பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. அழகேசன் அந்தக் குதிரையைப் பார்த்துக் கண் கலங்கியே விட்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினான். குதிரை காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது. 'உங்கள் கணினி குறைந்தபட்சத் தகுதியை எட்டவில்லை' என்று திரையில் ஒரு வரி வேறு. அவனையே பெயர் சொல்லித் திட்டியது போலிருந்தது.

ஸ்கூட்டரில் ஹேமாவதியை உட்காரவைத்து, அவள் மடியில் கம்ப்யூட்டரை ஏற்றி, மறுபடியும் கடைக்குப் போனான். கடையில் பறந்தது. வீட்டில் நின்றது. மூன்று நடை இப்படி.

"சார், இங்க ஓடுது, அங்க ஓடலன்னா தப்பு மிசின்ல இல்ல. உங்க ஊட்லதான்" என்றார் தினகரன்.

"ஊட்ல இன்னா தப்பு?"

"கார்டு சூடாவும் சார். இங்க ஏசி கீது பாத்தீங்களா?"

ஏசி வந்தது. மனுஷனுக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு. ஏசியைப் போட்டு, கேமையும் போட்டான். குதிரை காலைத் தூக்கவும், டப்பென்று ஃபியூஸ் போகவும் சரியாக இருந்தது.

லைன்மேன் வேம்புலி வந்து வாசல் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"அண்ணே, இந்த லைனு இவ்ளோ லோடு தாங்காது. த்ரீ ஃபேஸுக்கு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தான். அது வரும்வரை சும்மா இருக்க முடியுமா? கடைக்கும் வீட்டுக்கும் என்னென்ன வித்தியாசம் என்று யோசித்தான். கடையில் கண்ணாடி மேஜை, வாங்கினான். கடையில் கம்ப்யூட்டர் கிழக்கே பார்த்திருந்தது, திருப்பினான். கடையில் ட்யூப்லைட் நாலு, மாட்டினான். கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படம், அதையும் மாட்டினான். ஹேமாவதியின் தையல் மிஷின் சமையலறைக்குப் போனது.

ஒருநாள் காலை, பக்கத்துத் தெரு ஆக்னஸ் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஆதார் கார்டை நீட்டினார்.

"ரெண்டு ஜெராக்ஸ் போடுப்பா."

"இது ஊடு டீச்சர்!"

"அப்படியா? நல்லா வெச்சிருக்கே" என்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஹேமாவதி பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "பேசாம அந்த தினகரனையே இங்க வந்து குந்தச் சொல்றதுதானே?"

அழகேசன் அதையும் கொஞ்சம் யோசித்தான் என்பதுதான் கொடுமை.

சனிக்கிழமை த்ரீ ஃபேஸ் வந்தது. ஞாயிறு ஐந்து மணிக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடத்தில் கூடியது. சரவணக்குமார் அண்ணனூரிலிருந்து கையில் ஷேவிங் செட்டோடு வந்திருந்தான். ஏசி ஓடியது. ட்யூப்லைட் நாலும் எரிந்தன. அழகேசன் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் பட்டனைத் தட்டினான்.

குதிரை முன்னங்காலைத் தூக்கியது.

ஐந்து நிமிஷம் எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"போட்டோவா இது?" என்றார் ஒரு பெரியப்பா.

"மாமா, தண்ணி வெதுவெதுன்னு வோணுமா, பச்சைத் தண்ணியே போதுமா?" என்றான் சரவணக்குமார்.

அன்று ராத்திரி அழகேசன் சாப்பிடவில்லை. கண்ணாடியில் மீசையில்லாத யாரோ ஒரு அசடு அவனைப் பார்த்தது. அவமானத்தில் துண்டால் வாயை மூடிக்கொண்டு படுத்தான். ஹேமாவதிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு நிஜமாகவே பாவமாக இருந்தது.

திங்கட்கிழமை, புது மீட்டருக்கு சீல் வைக்க வேம்புலி வந்தான்.

"அண்ணன் இல்லீங்களா?"

"நான்தான்பா" என்றான் அழகேசன்.

வேம்புலி திடுக்கிட்டுப்போய் விவரம் கேட்டான். எல்லாவற்றையும் கேட்டு, "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டி, கூடத்துக்குள் வந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் டார்ச் அடித்தான். வெகுநேரம் அடித்தான்.

"அண்ணே, புதுக் கார்டோட ஓட்டையெல்லாம் இன்னும் மூடியோட கீதே?"

"ஆமாம்பா. கடையில மூடி போட்டுத்தான் குடுத்தாங்க. புதுசாச்சே, தூசி பூந்துடக் கூடாதுன்னு நான்தான் கழட்டாம வெச்சிருக்கேன். ஸ்கிரீன் ஒயரை மேல பழைய ஓட்டையிலயே சொருகிட்டேன்."

வேம்புலி டார்ச்சை அணைத்தான்.

"தூசி பூரலண்ணே. அதுல சொருக வேண்டிய ஸ்கிரீன் ஒயரும் பூரல. வாங்கின நாள்லேர்ந்து இந்தக் கார்டு ஒருநாள்கூட உங்க ஊட்ல வேலைக்கே வரல."