பிளைட் சூட்டுக்கு வேர் கண்ட வரலாறு

உலக மொழிகளின் வரலாறு இனிமேல் கல்முனைக்கு முன், கல்முனைக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுதப்படும். காரணம், எங்கள் விவசாயிகள் சங்கத்தின் 'சொல்லாய்வு உபகுழு'. அதன் தலைவர் அடியேன். போட்டியின்றித் தெரிவானேன், அன்றைய கூட்டத்துக்கு வேறு எவரும் வரவில்லை.

சங்கத்துக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்று கிடைத்திருந்தது. அதை இயக்கப் படித்துவிட்டு வந்தவள் ஆகிலா. விமானிகளைப் போல அவளுக்கும் ஒரு 'பிளைட் சூட்' வேண்டும், அதன் முதுகில் சுத்தமான தமிழ்ப் பெயர் வேண்டும், அதுவரை ட்ரோன் எழும்பக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவர் தையற்காரர் நளீம்.

பெயர் வைக்கும் முன் வேர் காண வேண்டாமா? 'பிளைட்' பழைய ஆங்கிலம், பறத்தல்; சிக்கலில்லை. 'சூட்' பிரெஞ்சு வழியாக வந்தது; அதன் வேர் 'பின்தொடர்தல்'. அப்படியானால் உடுப்பு பறப்பைப் பின்தொடர்கிறதா, பறப்பு உடுப்பைப் பின்தொடர்கிறதா? கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். தேநீரோடு வந்த றோல்ஸ் நன்றாகவே இருந்தது.

அப்படியொரு கூட்டத்துக்குள் சபியா உம்மா சேற்றுக் காலோடு வந்து நின்றார்.

"சேர், எண்ட வெள்ளாமைல அறக்கொட்டிப் பூச்சி புடிச்சிட்டு. வட்டம் வட்டமா கருகுது. அந்த மெசின அனுப்புங்களன். புள்ளைகள்ட வருசத்துச் சோறு சேர்!"

"பொறுங்க உம்மா. உடுப்புக்கு இன்னும் பேர் வைக்கல்ல."

"அல்லாவே! பறக்கிறது மெசின்தானே? ஆகிலா வரம்பிலதானே நிக்கப்போறா?"

இந்தக் கோணத்தை உபகுழு ஆராயவே இல்லை. 'ஆழமான வினா' என்று பாராட்டி, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தேன்.

"நான் இப்பவே வாறன் உம்மா," என்று ஆகிலா எழுந்தாள்.

"தீர்மானப்படி ஏலாது புள்ள," என்றேன். ட்ரோன் அறைச் சாவி என் பையில்தான் இருந்தது.

ஒருவழியாக 'பறப்பங்கி' என்று ஏகமனதாக முடிவாயிற்று. நளீம் தைத்துக்கொண்டு வந்தார். போட்டுப் பார்த்த ஆகிலா உடுப்புக்குள்ளேயே காணாமற் போனாள். தலைவர் என்ற மரியாதையில் என் அளவுக்கு வெட்டிவிட்டாராம். வீணாக்கலாமா? நானே போட்டுக்கொண்டேன். சபியா உம்மாவின் வயலுக்கே ஊர்வலமாகப் போனோம்.

போய்ப் பார்த்தால், மருந்தடிக்க ஒரு பச்சைத் தாள்கூட மிச்சமில்லை. ஆகிலா ட்ரோன் பெட்டியைத் திறக்காமலே வரம்பில் வைத்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "உடுப்பு எப்படி உம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

சபியா உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல எடுப்பா இரிக்கி சேர். வெள்ளாமை மிஞ்சியிருந்தா, குருவி வெரட்ட உங்களையே நடுவில நட்டிருப்பன்."